தேவாலா தங்கக் குழிகளை மூடுவது சரியா? (விவாத இழை)

வாசகர் கேள்வி, 2 நவம்பர் 2025

"அண்ணே, நான் பந்தலூர்ப் பக்கம். பேர் வேண்டாம். வெள்ளைக்காரன் இந்த மலையைக் குடைஞ்சப்போ காடு அழியுதுன்னு யாரும் சொல்லல. இன்னிக்கு நாங்க நாலு பேர் கடப்பாரையோட போனா வனத்துறை, ரெவின்யூ, போலீஸ் மூணும் சேர்ந்து வருது. குழியை மூடுறாங்க, ஆளைப் பிடிக்கிறாங்க. தேயிலைக்கு விலை இல்ல. தோட்டத்துல வேலை குறைஞ்சு போச்சு. சவரன் தொண்ணூறாயிரம் ஆச்சு. காலுக்குக் கீழ தங்கம் கிடக்கு, எடுக்கக் கூடாதாம். சுற்றுச்சூழல் சட்டம் ஏழைக்கு மட்டும்தானா? தடையை எடுக்கச் சொல்லி மனு எழுதுறோம். நீங்களும் கையெழுத்துப் போடணும்."

3 நவம்பர்

நீலகிரியில் தேவாலா, பந்தலூருக்குப் பக்கத்துக் கூடலூரில் எனக்கு இரும்புக்கடை. கடப்பாரை, உளி, சம்மட்டி, நைலான் கயிறு, தலையில் மாட்டும் லைட் எல்லாம் விற்கிறேன். யார் எதற்கு வாங்குகிறார்கள் என்று தெரியும், கேட்பதில்லை. குழி ஓடினால் என் வியாபாரமும் ஓடும். நான் சொல்வதை அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். கல்லிலிருந்து தங்கத்தைப் பிரிக்கும் பாதரசம் மட்டும் விற்றதில்லை.

முதலில் வெள்ளைக்காரன் கதை. 1879இல் இந்த மலையைப் பார்க்க ராபர்ட் பிரஃப் ஸ்மித் என்பவரை வரவழைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவின் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர். கீழே வேலை பார்த்தவர்களைப் படுத்தி எடுத்தார் என்று விசாரணை வந்து 1876இல் பதவியை விட்டவரும்கூட. அவருடைய அறிக்கை 1880இல் வந்தது. உடனே லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. தேவாலாவிலும் பந்தலூரிலும் இயந்திரம் வந்து இறங்கியது. சில வருடத்தில் பெரும்பாலான கம்பெனிகள் படுத்துவிட்டன. கல்லில் தங்கம் இருந்தது. ஆனால் டன் கணக்கில் கல்லை இடித்தால் கிராம் கணக்கில்தான் வந்தது. கணக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

காடு அழிவதை அப்போது யாரும் பேசவில்லை என்பது சரியில்லை. சென்னை வனச் சட்டம் வந்தது 1882இல், தங்க வெறி உச்சத்தில் இருந்த அதே காலத்தில். இன்றைக்கும் நம் மேல் வழக்குப் போட வனத்துறை எடுப்பது அதே சட்டத்தைத்தான், 'தமிழ்நாடு' என்று பெயர் மாற்றி. 1882இல் அது யார் மேல் பாய்ந்தது, யாரை விட்டது என்று கேளுங்கள். அங்கே உங்கள் கோபம் நியாயம்.

3 நவம்பர், இரவு

"அப்படியானால் அன்றைக்கு யாருக்குத்தான் லாபம்?" என்று ஒருவர். நிலம் விற்றவர்களுக்கு. காப்பிச் செடி நோய் வந்து படுத்த தோட்டங்களை 'தங்க பூமி' என்று கம்பெனிகளின் தலையில் கட்டிய துரைமார்கள் பணத்தோடு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பங்கு வாங்கியவர்கள் அழுதார்கள். மண் சுமந்தவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

5 நவம்பர்

நிறையப் பேர் 'பெர்மிட் வாங்கித் தோண்டலாமே' என்கிறார்கள். எந்த பெர்மிட்? 1957ஆம் வருடக் கனிமச் சட்டத்தில் கனிமம் இரண்டு வகை. கட்டுமான மணல், கல், கிராவல் எல்லாம் சிறு கனிமம். அதற்கு மாநில அரசே விதி போட்டு அனுமதி தரும். தங்கம் சிறு கனிமத்தில் வராது. ஒரு சட்டித் தங்கமானாலும் ஒரு மலைத் தங்கமானாலும் ஒரே கதவுதான். 2015 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் கதவு ஏலம். உரிமம் இல்லாமல் எடுத்தால் ஐந்து வருடம் வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் வரை அபராதம் என்று அதே திருத்தம் சொல்கிறது.

2023இல் இன்னொரு திருத்தம் வந்தது. ஆழத்தில் கிடக்கும் கனிமங்களைத் தேடிப் பார்க்கத் தனி உரிமம். அந்தப் பட்டியலில் தங்கமும் உண்டு. ஒரே உரிமத்தில் 1,000 சதுர கிலோமீட்டர் வரை தேடலாம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டில் குடியிருப்பவன் ஆற்றோரம் உட்கார்ந்து மரவையில் மண் அலச அதே சட்டத்தில் ஒரு வரி கிடையாது.

இதைச் சுற்றுச்சூழல் சட்டத்தின் குற்றம் என்று சொல்லாதீர்கள். கனிமச் சட்டத்திலேயே சின்ன ஆளுக்கு இடம் வைக்கவில்லை. வனத்துறை நாளைக்கே விலகிப் போனாலும் நீங்கள் சட்ட விரோதிதான். உங்கள் மனு தவறான ஆபீசுக்குப் போகிறது.

6 நவம்பர்

கேரளாவில் நிலம்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அம்மா வழியில் தமிழ்க் குடும்பமாம். "சேட்டா, நிங்கள் குழி பற்றியே பேசுகிறீர்கள், எங்களுக்குப் புழைதான்" என்கிறார். நல்லது, ஆற்றுக்கு வருவோம்.

பாண்டியாறும் புன்னம்புழாவும் நம் மலையிலிருந்து இறங்கி அவர்கள் பக்கம் சாலியாற்றில் சேர்கின்றன. தேவாலாப் பாறையில் உள்ள தங்கம் உதிர்ந்து, உருண்டு, வண்டல் மண்ணில் படிவது அங்கேதான். இது புதிதாக யாரும் கண்டுபிடித்ததில்லை. 1800-01இல் மலபார் வழியாகப் போன பிரான்சிஸ் புக்கனன், நிலம்பூர் ஆற்றில் தங்கப்பொடி எடுப்பதையும், அந்த உரிமை ஒரு நாயருக்கு மட்டுமே இருந்ததையும், அதற்கு அவர் வருடாவருடம் சிறு தொகை கட்டியதையும் எழுதி வைத்திருக்கிறார். இருநூறு வருடத்துக்கு முன்னாலும் மண் அலசியவன் ஒருவன், உரிமை இன்னொருவனுக்கு.

அங்கே இப்போதும் மழை விட்ட பிறகு ஆற்றோரம் அலசுகிறார்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றால் ஒரு நாள் கூலி தேறலாம், தேறாமலும் போகலாம். அதோடு விட்டிருந்தால் ஊரும் கண்டுகொண்டிருக்காது. மோட்டார் பம்பு வைத்து ஆற்றுப் படுகையை உறிஞ்ச ஒரு கூட்டம் கிளம்பியது. போலீஸ் வந்ததும் மரவைக்காரனும் பம்புக்காரனும் ஒரே ஜீப்பில்.

6 நவம்பர், சற்று கழித்து

மரவை என்றால் என்ன என்று சென்னையிலிருந்து ஒரு தம்பி. நடுவில் குழிவாகக் குடைந்த மரத்தட்டு. மண்ணை அள்ளி, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி லேசான மணலை வழிய விட்டால் கறுப்பு மணல் அடியில் தங்கும். தங்கம் அந்தக் கறுப்போடு கிடக்கும். பொறுமை வேண்டும், முதுகும் வேண்டும்.

9 நவம்பர்

"நீங்கள் குழிக்குள் இறங்கியிருக்கிறீர்களா, கடையில் உட்கார்ந்து பேசுகிறீர்களா?" சரியான கேள்வி.

இறங்கியிருக்கிறேன். கடை வைப்பதற்கு முன்னால், மாமாவோடு. அப்பாவும் மாமாவும் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள். மண்டபம் முகாம், அங்கிருந்து அரசுத் தேயிலைத் தோட்டம். அப்பா தோட்டத்தை விட்டு நகரவில்லை. மாமாவுக்கு மலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தூக்கம் வராது.

குழி என்று எல்லாரும் சொல்கிறோம். பாதி இடத்தில் அது பழைய கம்பெனி வெட்டிய சுரங்கத்தின் வாய்தான். மண் மூடிக் கிடந்ததைத் திறந்து, வெள்ளைக்கல் ஓடும் ரேகையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார்கள். முதலில் குனிந்து, பிறகு முழங்காலில், பிறகு வயிற்றில் ஊர்ந்து. முட்டுக் கொடுக்க மரம் வெட்டினால் வனத்துறை கண்ணில் பட்டுவிடும் என்று முட்டே கொடுக்க மாட்டார்கள். தடைக்குப் பயந்து செய்யும் இந்தச் சிக்கனம்தான் ஆளைக் கொல்கிறது. முன்னால் போகிறவர் மெழுகுவத்தி வைத்திருப்பார்; சுடர் சுருங்கினால் திரும்ப வேண்டும். அன்றைக்குச் சுருங்கியது. மாமா 'இன்னும் ரெண்டு முழம்' என்றார். எனக்குத் திரும்பவும் இடமில்லை, அவரைத் தாண்டிப் போகவும் இடமில்லை. காலால் பின்னோக்கித் தள்ளித் தள்ளி வெளியே வந்தேன். சட்டை முழுக்கக் கிழிந்துபோயிருந்தது. மாமா அரை மணி கழித்து ஒரு கோணிப்பை கல்லோடு வந்தார், சிரித்துக்கொண்டே.

கல்லை இடித்து, அரைத்து, பாதரசம் விட்டுப் பிசைந்து, துணியில் பிழிந்து, அடுப்பில் காய்ச்சினோம். வந்தது பொட்டு அளவு. வாங்க வந்த வியாபாரி தராசை எடுத்தார். அவர் தராசு, அவர் எடைக்கல், அவர் சொல்வதுதான் தங்கத்தின் தரம். போலீசுக்குப் போக முடியாது என்று இரண்டு பக்கமும் தெரியும். ஊர் விலையில் பாதி கிடைத்ததா என்பதே சந்தேகம்.

எங்கள் லைனில் இருந்த ஒருவர் பின்னாளில் ஒரு மழை மாதத்தில் மண் சரிந்து உள்ளேயே போய்விட்டார். கூட இருந்தவர்கள் கேஸுக்குப் பயந்து விடியும் வரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு நிவாரணம் என்று எதுவும் வரவில்லை. சட்டப்படி அங்கே சுரங்கமே இல்லையே.

10 நவம்பர்

நேற்று எழுதியதில் 'அடுப்பில்' என்று போட்டதைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். ஆமாம், வீட்டு அடுப்பு. பக்கத்தில் என் தங்கை பாடம் படித்துக்கொண்டிருந்தாள். பாதரசம் ஆவியாகிப் போனால் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அது கூரையிலும் சுவரிலும் பாத்திரத்திலும் படிந்து, மறுநாள் சூடு பட்டால் மறுபடி கிளம்பும். மூச்சில் போனால் நரம்பைப் பிடிக்கும். ஆற்றுக்குள் போனால் சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை இன்னும் கொடிய வடிவத்துக்கு மாற்றி மீனில் ஏற்றும். ஜப்பானில் மினமாட்டாவில் 1956இல் வெளியே தெரிந்தது அதே கொடிய வடிவம் மீன் வழியாக ஆட்களைப் பிடித்ததுதான்; அங்கே அது ஆலைக் கழிவிலேயே வந்தது.

அந்த ஊர் பெயரில் உலக ஒப்பந்தம் 2013இல் கையெழுத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் சேர்ந்தது. மனித வேலையால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் 38 சதவீதம் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வருவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் கணக்குச் சொன்னது. 'நாங்க சின்ன ஆளுங்க, எங்களால என்ன கெடுதல்' என்ற பேச்சு இந்த ஓர் எண்ணுக்கு முன்னால் நிற்காது.

ஆனால் அதே ஒப்பந்தம் சிறு சுரங்கத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. கல் முழுவதிலும் ரசத்தைக் கொட்டுவது, திறந்த வெளியில் காய்ச்சுவது, குடியிருப்பில் காய்ச்சுவது இவற்றை நிறுத்தச் சொல்கிறது. மாற்று வழியும் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் பெங்கெட் மலையில் பாதரசம் இல்லாமல் வெங்காரம் (போராக்ஸ்) போட்டு உருக்கி எடுக்கிறார்கள். நம் பத்தர்கள் பட்டறையில் தினமும் புழங்கும் அதே வெங்காரம். சட்டப்படி நடக்கும் வேலையாக இருந்தால் யாராவது வந்து கற்றுக் கொடுக்கலாம். ஒளிந்து செய்கிறவனுக்கு யார் வகுப்பு எடுப்பார்கள்?

10 நவம்பர்

வெங்காரம் என் கடையில் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: கிடைக்காது. கேட்ட வேகத்தைப் பார்த்தால் வாங்கி வைக்கலாம் போலிருக்கிறது.

14 நவம்பர்

ஊட்டியிலிருந்து ஒரு வக்கீல் நல்ல வாதம் ஒன்றை வைத்திருக்கிறார். 2006 வன உரிமைச் சட்டத்தில் 3(1)(டி) பிரிவு, காட்டில் வாழும் சமூகங்களுக்கு மீன் மற்றும் நீர்நிலைகளின் பிற பொருட்கள் மீது உரிமை தருகிறது. ஆற்றுத் தங்கம் நீர்நிலையின் பொருள்தானே என்கிறார். கேட்க இனிக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் சிறு வனப்பொருள் என்பது செடி கொடி மரத்திலிருந்து வருவது மட்டும். கனிமத்துக்குத் தனிச் சட்டம் உட்கார்ந்திருக்கிறது. நீதிமன்றம் ஏற்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

அப்புறம் பழங்குடிப் பகுதிப் பஞ்சாயத்துகளுக்கான பெசா சட்டம். 1996இல் வந்தது, சிறு கனிமத்துக்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும் என்பது அதில் உண்டு. அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்குத்தான் அது. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் அப்படி அறிவித்த பகுதியே இல்லை. ஆந்திராவில் இருக்கிறது, ஆனால் கோதாவரிப் பக்கமும் விசாகப்பட்டினம் மலைப் பக்கமும். நம் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிகளுக்கு அந்தக் கதவும் கிடையாது.

இங்கே நிலமே யாருடையது என்று தெரியாமல் கிடக்கிறது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம உரிமையை, அதாவது பரம்பரை நில உரிமையை, 1969 சட்டம் ஒழித்தது. அந்தச் சட்டத்தின் பிரிவு 17இல் ஒரு முடிச்சு விழுந்து பட்டா இல்லாமல் தலைமுறை போய்விட்டது. அதே கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாட், கூடலூரில் மரம் வெட்டுவதைப் பார்த்துப் பொறுக்காமல் 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவில் 'காடு' என்றால் யார் கையில் இருந்தாலும் காடுதான், மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அங்கே வேறு வேலை எதுவும் கூடாது, சுரங்கமும் கூடாது என்று ஆனது. இந்தியா முழுக்க மேற்கோள் காட்டும் வழக்கு நம் மலையில் பிறந்தது. நம்மில் பாதிப் பேருக்கு அது பட்டா வராத காரணமாக மட்டும் தெரியும்.

அந்த உத்தரவு இல்லாமல் இருந்திருந்தால் மரம் மிஞ்சியிருக்காது என்றும் நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்து நினைப்பது சிரமமாகத்தான் இருக்கிறது.

18 நவம்பர்

வெளிநாட்டில் எப்படி என்று கேட்டவர்களுக்கு. கலிபோர்னியாவில் தங்கம் தேடுகிறவர்கள் ஆற்றுப் படுகையை மோட்டாரால் உறிஞ்சிச் சலித்தார்கள். 2009இல் மாநிலம் அதை நிறுத்தியது. மீன் முட்டை கலைகிறது, பழைய தங்க வேட்டைக் காலத்தில் சேற்றில் புதைந்த பாதரசம் கிளம்புகிறது என்பது காரணம். தேடுகிறவர்கள் விடவில்லை. 1872ஆம் வருட மத்தியச் சுரங்கச் சட்டம் எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது, மாநிலம் தடுக்க முடியாது என்று வழக்காடினார்கள். கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2016இல் தடை செல்லும் என்றது. இதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான்: தடை மோட்டாருக்கு. தட்டு வைத்து அலசுகிறவனை அது தொடவில்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா இன்னும் சுவாரசியம். உரிமக் கட்டணத்தை எதிர்த்து 1854 டிசம்பர் 3 அன்று பல்லாரட்டில் தோண்டுகிறவர்கள் யுரேகா என்ற இடத்தில் அரண் கட்டி நின்று சுடப்பட்டுச் செத்தார்கள். அடுத்த வருடமே அந்தப் பழைய உரிமம் போய் 'மைனர்ஸ் ரைட்' என்ற எளிய சீட்டு வந்தது. இன்றைக்கும் அந்தச் சீட்டோடு கைக்கருவி மட்டும் வைத்துத் தேடலாம். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் முடியாது. அதனால் புதிதாகப் பூங்கா அறிவிக்கும்போதெல்லாம் அவர்கள் கொடி பிடிக்கிறார்கள்.

பிரஃப் ஸ்மித் அந்த ஊரிலிருந்துதான் நம் மலைக்கு வந்தார். நிபுணரை இறக்குமதி செய்தார்கள், அந்தச் சீட்டை விட்டுவிட்டார்கள்.

22 நவம்பர்

ஆந்திராவில் குப்பம் என்ற ஊரிலிருந்து ஒரு பெரியவர். கோலார் தங்கவயலில் மூன்று தலைமுறை, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிய பிறகு ஆந்திராப் பக்கம் வந்தவர். "தம்பி, நீங்க மெழுகுவத்தி பற்றி எழுதியிருந்தீங்க. நாங்க கம்பெனி ஆளுங்க, காற்று பம்பு பண்ணி உள்ளே விட்டாங்க, லிஃப்ட்டு இருந்துச்சு, ஆஸ்பத்திரி இருந்துச்சு. அப்பவும் எங்கப்பா நெஞ்சு கல்லாகித்தான் செத்தாரு" என்கிறார். மூடியபோது சவரன் நாலாயிரத்துக்கும் கீழே இருந்தது என்று நினைவுபடுத்துகிறார். எடுக்கும் செலவு விற்கும் விலையைத் தாண்டிவிட்டது என்பதுதான் மூடச் சொன்ன காரணம். சயனைடு கலந்த கழிவு மண் மலை மலையாக இன்னும் ஊர் நடுவில் நிற்கிறது. காற்றடித்தால் வீட்டுக்குள் வரும். பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் போய் வேலை பார்க்கிறார்கள்.

அவர் கேட்பது: "சின்னதா எடுத்தாலும் சாவு, பெரிசா எடுத்தாலும் சாவு. எதுக்கு எடுக்கணும்?" என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் அவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 2022இல் அரசுத் தேயிலைக் கழகம் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவானது. அந்தத் தோட்டங்களை நம்பித்தான் எங்களைக் கப்பலேற்றிக் கொண்டு வந்தார்கள். இலை பறிக்க வந்தவன் இலை இல்லாமல் போனால் கீழே பார்க்கிறான்.

23 நவம்பர்

மழையை யாரும் பேசவில்லை, எனக்கு ஆச்சரியம். 2019 ஆகஸ்ட் 8 அன்று நம் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதே நாளில் மலைக்கு அந்தப் பக்கம் நிலம்பூர் அருகே கவளப்பாறையும், வயநாட்டில் புத்துமலையும் சரிந்தன. 2024 ஜூலை 30இல் முண்டக்கை, சூரல்மலை. அங்கே போன உயிர்களைச் சாலியாறு நிலம்பூர் வரை கொண்டு வந்து சேர்த்தது. அந்தச் சரிவுகளுக்குக் காரணம் தங்கக் குழி என்று நான் சொல்ல வரவில்லை, யாரும் அப்படித் திரிக்க வேண்டாம். ஆனால் இப்படி மழை பெய்யும் மலையில், சரிவான இடத்தில், முட்டுக் கொடுக்காத பொந்துகளை வெட்டிவிட்டுப் போவதை 'எங்கள் உரிமை' என்று எழுதக் கை வராது. குழிக்குக் கீழே லைன் வீடு இருக்கிறது.

27 நவம்பர்

பந்தலூர்க்காரர் மனுவின் நகலை அனுப்பினார். மூன்று பக்கம், நிறைய ஆச்சரியக்குறி. இரண்டு பத்தியை அடித்துவிட்டு இதைச் சேர்த்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்: ஆற்று மண்ணைக் கையால் அலசுவதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துத் தனிச் சீட்டு கொடுக்க வேண்டும். பாதரசமும் பம்பும் வைத்தால் சீட்டு ரத்து. சுரங்கக் குழிகளை மூட வேண்டும், மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த மாதம் திறக்க விடாமல் கான்கிரீட் போட்டு. மனு வனத்துறைக்கு வேண்டாம். மத்திய சுரங்க அமைச்சகத்துக்கும் மாநிலக் கனிம வளத் துறைக்கும் போகட்டும்.

இதற்கு வந்த பதில்: "அண்ணே, குழியை மூடச் சொன்னா எங்க ஆளுங்களே கையெழுத்துப் போட மாட்டாங்க. ஆத்துல என்ன கிடைக்கும், குழியிலதான் இருக்கு." உண்மைதான். மரவையில் கிடைப்பதை வைத்து யாரும் வீடு கட்ட முடியாது. என் யோசனை ஆற்றோரக் கிழவர்களுக்கும் பணியர் குடும்பங்களுக்கும்தான் பயன்படும், சவரன் தொண்ணூறாயிரத்தைப் பார்த்துக் கிளம்பிய வாலிபர்களுக்கு இல்லை. ஆனாலும் மாற்றப் போவதில்லை. குழிக்குப் பணம் போடுகிறவர் வெளியே நிற்கிறார், இறங்குகிறவன் தனியாக இறங்குகிறான். அந்த ஏற்பாட்டுக்கு என் கையெழுத்து கிடையாது.

29 நவம்பர்

இல்லை, மனுவில் கையெழுத்துப் போடவில்லை. இனி இதைக் கேட்டு எழுத வேண்டாம். குழியை மூடும் வரியை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். கடையில் கடப்பாரை இன்னும் விற்கிறேன், அதையும் கேட்டுவிட்டீர்கள்.

30 நவம்பர்

தேவாலாவுக்கு வந்தால் பழைய சுரங்கங்களைப் பார்க்க முடியுமா, வழி சொல்லுங்கள் என்று இரண்டு பேர். சொல்ல மாட்டேன். வேலி கிடையாது, வாயைப் புல் மூடியிருக்கிறது, யானை நடமாடும் இடம். தங்கம் அலசுவதைப் பார்க்க ஆசையானால் நாடுகாணி இறங்கி நிலம்பூர் போங்கள். தேக்கு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு ஆற்றோரம் நடக்கலாம். யாராவது மரவையோடு உட்கார்ந்திருந்தால் பேச்சுக் கொடுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள். போட்டோ மட்டும் எடுத்துப் போடாதீர்கள். போன வருடம் யாரோ போட்ட ஒரு வீடியோதான் இங்கே ஒரு வழக்கில் சாட்சியாக நிற்கிறது.